கடலே இல்லாத கம்பத்தில் ஒரு போர்க்கப்பலின் பெயர்!

தேனியிலிருந்து கம்பத்துக்கு பஸ் பயணம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என ஊர்கள் கடக்க, ஜன்னலுக்கு வெளியே வயல், வாழை, தென்னை. கூடவே வரும் மேற்குத் தொடர்ச்சி மலை. முன் சீட்டில் ஒரு கல்லூரி மாணவி போனில் பேசிக்கொண்டிருந்தார். "டூருக்கெல்லாம் கேட்கவே முடியாதுடி. எங்கப்பா சரியான எம்டன்!"

சிரித்துவிட்டேன். எங்கள் அம்மாச்சி, தாத்தாவைத் திட்டும் அதே வார்த்தை! மலை சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு போர்க்கப்பலின் பெயர் எப்படி வந்தது?

எம்டன், ஜெர்மனியின் குரூஸர் ரகக் கப்பல். எதிரியை வேவு பார்க்கவும், தொலைதூர காலனிகளைச் சுற்றிக் காவல் காக்கவும் 19-ம் நூற்றாண்டில் வளர்ந்த ரகம் இது. பிரான்ஸும் இப்படிப்பட்ட கப்பல்களைக் கட்டியது. 1896-ல் கடலில் இறக்கப்பட்ட 'தான்த்ரகாஸ்தோ', ஆசியாவில் பிரெஞ்சுப் படையின் தலைமைக் கப்பலாக இருந்தது. 'பெரிய கப்பல்களோடு மோத வேண்டாம். வேகமான கப்பல்களால் வணிகக் கப்பல்களை மடக்கினாலே பிரிட்டன் தடுமாறும்' என்று 1880-களில் வாதிட்டவர், பிரெஞ்சு அட்மிரல் தியோஃபில் ஓப்.

அந்த வித்தையை முதல் உலகப்போரில் செய்துகாட்டியது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, சுமார் அரை மணி நேரத்தில் 100-க்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் பற்றி எரிந்தன. குறைந்தது 5 பேர் இறந்தார்கள். பயத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். அக்டோபர் 28-ல் பினாங்கில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் 'முஸ்கே'யையும் மூழ்கடித்தது எம்டன். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் அதன் கதையை முடித்தது.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த இரவை நினைவூட்டும் கல்வெட்டு இருக்கிறது. ஆனால், ஊரைவிட்டு ஓடியவர்களோடு சேர்ந்து பெயரும் கிளம்பியிருக்க வேண்டும். கண்டிப்பானவர், கில்லாடி, எப்போது என்ன செய்வார் என்றே தெரியாதவர்... எல்லோருமே நமக்கு எம்டன்தான். குமுளி மலை ஏறினால், மலையாளத்தில் 'யமண்டன்' என்பார்கள். அங்கே அதற்கு 'பிரமாண்டம்' என்று பொருள்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் அந்த மாணவி இறங்கினார். குடையோடு காத்திருந்த ஒருவர், அவர் பையை வாங்கிக்கொண்டு கேட்டார்: "சாப்பிட்டியாம்மா?"

அவர்தான் எம்டன்போல. ஒரு நகரத்தையே நடுங்க வைத்த பெயர், நூறு வருடத்தில் ஓர் அப்பாவிடம் வந்து நிற்கிறது!