பைத் என்னும் சொல்

அரபு மொழியில் 'பைத்' என்றால் வீடு. கவிதையின் ஓரடிக்கும் அதுவே பெயர். அவ்வடியின் பாதியை 'மிஸ்ராஃ' என்பர். இரட்டைக் கதவின் ஒற்றைப் பலகையும் மிஸ்ராஃதான். எட்டாம் நூற்றாண்டில் யாப்பு வகுத்த கலீல் இப்னு அஹ்மத், கயிறு, முளை எனக் கூடாரத்தின் உறுப்புகளையே அசைகளுக்குப் பெயராக்கினார். ஆண்டுதோறும் மாணவர்க்கு நாம் நடத்தும் இப்பாடத்தின் ஆழம், முட்டுக்காட்டில் தங்கிய ஓரிரவில்தான் நமக்கு விளங்கிற்று.

செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் செல்லும் சாலையில் உள்ளது முட்டுக்காடு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே உப்பங்கழி. தீவன்று, எனினும் தீவின் தனிமை உண்டு. அங்குள்ள தட்சிணசித்ரா, லாரி பேக்கரின் வடிவமைப்பில் உருவாகி 1996இல் திறக்கப்பெற்றது. பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாகப் பிரித்துக் கொணர்ந்து, மரபுக் கைவினைஞரைக் கொண்டே மீண்டும் எழுப்பியுள்ளனர். கலைஞர்க்கும் விருந்தினர்க்கும் தங்கும் விடுதியும் உண்டு.

நாம் மனத்தில் ஒரு சுமையுடன் சென்றிருந்தோம். கீழக்கரையில் பாட்டனார் கட்டிய வீட்டின் கூரை ஒழுகுகிறது. அதன் பர்மாத் தேக்குத் தூண்களுக்கு வியாபாரி ஒருவர் விலை பேசியிருந்தார். "கொடுத்துவிடலாமா, தம்பி?" என்று காக்கா கேட்டிருந்தார்.

மாலையில் பார்வையாளர் கலைந்தபின், குன்றக்குடியிலிருந்து வந்த செட்டிநாட்டு வீட்டின் தூணைத் தொட்டுப் பார்த்தோம். வேலைப்பாட்டில் பழுதில்லை. ஆயினும் அடுப்புப் புகை இல்லை. குழந்தையின் அழுகுரல் இல்லை. இது குறையன்று, காப்பார் இல்லையேல் அத்தூண்கள் எங்கெங்கோ சிதறியிருக்கும் அல்லவா?

ஜப்பானின் நவோஷிமாத் தீவில், தாதாவோ ஆண்டோ வடிவமைத்த பெனெஸ்ஸி இல்லம் 1992 முதல் கலைக்கூடமாகவும் விடுதியாகவும் விளங்குகிறது. அத்தீவில் ஆளற்றுக் கிடந்த பழைய வீடுகளையும் 1998 முதல் கலைப்படைப்புகளாக மாற்றிவருகின்றனர். குடியிருந்தோர் நீங்கிய வீட்டுக்கு அது நல்ல மறுவாழ்வே.

நம் வீட்டின் நிலை வேறு. அங்கே தங்கை இன்னும் உலை வைக்கிறாள். அவள் பிள்ளைகள் திண்ணையில் ஓதுகிறார்கள். கயிறும் முளையும் சரியாக அமைந்தாலும், ஓதுவார் நாவில்தானே பைத் உயிர் பெறுகிறது!

சுபுஹு தொழுதபின் காக்காவுக்குக் கடிதம் எழுதினோம்: "தூண்களைக் கொடுக்க வேண்டா. ஓடு மாற்றும் செலவில் பாதி நம்முடையது." வாசக அன்பர்களே, உங்கள் ஊரிலும் தூணுக்கு விலை பேச வருவார்கள். விலை சொல்லுமுன், உள்ளே எவரேனும் உலை வைக்கிறார்களா என்று பாருங்கள்.