நிருபர்கள் ஏன் போய்விடுகிறார்கள்?

1942 ஆகஸ்டில், பதினெட்டு வயது மு. கருணாநிதி 'முரசொலி'யைத் துண்டறிக்கையாகத் தொடங்கியது எங்கள் திருவாரூரில்தான். அதே ஊர்ப்பக்கம் இன்று தாலுகா நிருபர் வேலையை விட்டுவிட்டு இன்சூரன்ஸுக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் போகிறவர்களைப் பார்க்கிறேன்.

பலருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு. பெட்ரோல் கைக்காசு. தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்து மாமூலைக் காலையில் எழுதியவர், சாயங்காலம் அதே ஊர்ப் பெரிய மனிதரிடம் விளம்பரம் கேட்டு நிற்பார். பணக் கஷ்டத்தைவிட இந்தக் கூச்சம்தான் ஆளை விரட்டுகிறது.

பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழு பரிந்துரையை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. ஆனால் எங்கள் பக்கத்து வலங்கைமானுக்கும் முத்துப்பேட்டைக்கும் அது எங்கே வந்தது?

இவர்கள் போவதில் ஊருக்கும் நஷ்டம்தான். 2018 நவம்பரில் இங்கே கஜா புயல் அடித்தபோது, கரண்டும் டவரும் இல்லாத கிராமங்களின் நிலைமையை வெளியே கொண்டுவந்ததில் இந்த உள்ளூர் நிருபர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மாதச் சம்பளம், விளம்பரத்துக்குத் தனி ஆள், வழக்கு வந்தால் நிறுவனத்தின் வக்கீல். இந்த மூன்றும் இருந்தால் பலர் திரும்பி வருவார்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் ஊரில் விட்டுப்போனவர் இருந்தால், அவரிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.