துரு அடைத்த ஓட்டை

அப்பா போனபிறகு அவருடைய டி.வி.எஸ். 50 நான்கு வருஷம் திண்ணையோரம் சாக்கு போர்த்தி நின்றது. ஆரணியிலிருந்து திருமலைக்குப் பட்டுநூலும், திரும்பும்போது நெய்த சேலைகளும் சுமந்த வண்டி. போன மாதம் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. பெடலை மிதித்துக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம்.

மெக்கானிக் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தார். செங்காவித் தண்ணீர். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் தங்கித் தகட்டைத் தின்கிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். அது காற்றின் ஈரத்தையும் இழுக்கிறது. ஈரம் மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும்.

"ரொம்ப சுரண்ட வேணாம் சார், ஒழுகும்" என்றார். சோம்பல் என்று நினைத்தேன். பொடி ஜல்லி போட்டுக் குலுக்கச் சொன்னேன். அரைமணியில் உள்ளே தகடு பளிச்சென்று வந்தது. பெட்ரோல் ஊற்றியதும் அடி மடிப்பில் மூன்று இடத்தில் கசிவு. ஓட்டைகளைத் துருதான் அடைத்திருந்தது.

உடனே பற்றவைக்கச் சொன்னேன். "காலி டேங்க்தான் சார் வெடிக்கும்" என்றார். உள்ளே நிற்பது ஆவி. கழுவி, தண்ணீர் நிரப்பி, ஆவியை விரட்டிய பிறகுதான் நெருப்பு. நாளை வரச் சொன்னார்.

நடந்து திரும்பும்போது, மூத்த கவிஞர் ஒருவரின் தொகுப்புக்கு நான் எழுதிய விமர்சனம் நினைவுக்கு வந்தது. அவரிடம் மிஞ்சியிருந்த செய்யுளோசையைத் துரு என்றிருந்தேன். அது துரு இல்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். எதை அடைத்துக்கொண்டிருந்தது என்று பார்த்துவிட்டுச் சுரண்டியிருக்கலாம்.