சாட்சி சொல்ல எழுந்தேன், பாதியில் உட்கார்ந்தேன்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வாலாஜாபாத் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குடிலுக்கு வைக்கோல் பரப்பி, வாசலில் நட்சத்திரம் கட்டி முடித்ததும், என் மாமியார் ஒரு மெழுகுவத்தியைத் தனியே எடுத்து வைப்பார். அது 26-ஆம் தேதிக்கு.

2004-ஆம் வருஷம் எங்கள் மூத்த பையனுக்கு ஒன்றரை வயது. வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்டை நேர்ச்சை இருந்தது. செங்கல்பட்டு போய், அங்கிருந்து பஸ் பிடித்து, நான், என் வீட்டுக்காரர், மாமியார், நாத்தனார் எல்லோருமாகக் கிறிஸ்துமஸுக்கே போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மொட்டை என்று ஏற்பாடு.

அன்று ராத்திரி குழந்தைக்கு ஜுரம். விடிய விடிய ஈரத்துணி போட்டு எடுத்ததில் காலையில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பூசைக்குக்கூடப் போகவில்லை. விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டு வந்த நாத்தனார் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பத்தொன்பது வயதுப் பெண். "அண்ணி, நீங்க தூங்குங்க. நான் கடல்ல கால் நனைச்சுட்டு, வரும்போது இவனுக்குக் கஞ்சி வாங்கிட்டு வரேன்" என்றாள். மாமியார் அடுத்த பூசைக்குப் போனார். இவர் மருந்துக் கடையைத் தேடிப் போனார்.

சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில், நம் நேரப்படி காலை 6.29-க்கே கடலடியில் பூமி அதிர்ந்திருந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் நமக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். அதில் எங்கள் பெண்ணும் ஒருத்தி. சாயங்காலம் அவளை அடையாளம் காட்டியவர் என் வீட்டுக்காரர்தான்.

கோயிலுக்குள் பூசையில் இருந்த என் மாமியார் பிழைத்தார். தூங்கிப் போன நானும் பிழைத்தேன்.

ஊர் திரும்பிய பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "உள்ளே இருந்தவங்களை மாதா கைவிடலை பாத்தியா!" எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து, "என் குழந்தையின் ஜுரத்தைக் கொண்டே ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்" என்று ஆரம்பித்தேன். எதிரே மாமியார் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "எனக்கு அறுபது வயசு. நான் உள்ளே இருந்தேன். அவ விடிகாலையிலேயே பூசை பாத்துட்டு வெளியே போனா. அப்போ அவ ஜெபம் மட்டும் கேக்கலையாம்மா?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? எங்கள் மூன்று பேரில் பக்தி அதிகம் அவளுக்குத்தான்.

பைபிளை எடுத்துப் புரட்டினேன். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். ஏன் அந்தப் பதினெட்டுப் பேர் என்று அவர் விளக்கவில்லை. கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் மனம் திரும்புங்கள் என்கிறார். அதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ அவ மேல தப்பு இல்லை" என்றார். வெகு நாள் கழித்து அன்றுதான் வாய்விட்டு அழுதார்.

பிறகு 2019-இல், ஈஸ்டர் அன்று, இலங்கையில் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புக் கோயில்களில் குண்டு வெடித்தது. அங்கே கோயிலுக்குள் இருந்தவர்களே மாண்டார்கள். உள்ளே இருந்தால் பிழைப்போம், வெளியே போனால் போவோம் என்று நாம் போடும் கணக்கு ஆண்டவருடைய கணக்கு இல்லை என்று அன்று நன்றாகவே விளங்கியது.

வேளாங்கண்ணிக் கோயிலின் கதையை நினைத்துப் பாருங்கள். புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவுக்கு எழுப்பிய கோயில் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிழைத்தவர்கள் தங்கள் பெருமையைப் பேசிவிட்டுப் போகவில்லை. பின்னால் வருபவர்கள் ஒதுங்க ஓர் இடம் கட்டினார்கள். பிழைத்தவர்களுக்கு உள்ள வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

ஆகவே சகோதரிகளே, பறிகொடுத்த வீட்டுக்குப் போனால் "கடவுள் சித்தம்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு சொம்பு கஞ்சி கொண்டு போங்கள். போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இன்னொன்று: 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. ஆனாலும் கடற்கரையில் இருக்கும்போது பூமி பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அந்தப் பையன் இப்போது வளர்ந்த ஆள். வருஷா வருஷம் 26-ஆம் தேதி அத்தையின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவது அவன்தான். பக்கத்தில் ஒரு கிண்ணம் கஞ்சி வைப்பேன். அவள் வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் போன கஞ்சி.