தவழ்ந்தால் தவலை அடை

கைக்குழந்தையோடு ஒரு கல்யாணத்துக்குப் போனால், மணமக்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே குழந்தையைப் பற்றி விசாரித்துவிடுவார்கள். "எத்தனை மாசம் ஆவுது?" என்பது முதல் கேள்வி. பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தடுத்து வரும். "குப்புற விழுந்துட்டாளா?" "பல்லு எட்டிப் பாத்துட்டுதா?" "இன்னும் தவழலியா?" கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பிள்ளை பெற்றவளை விசாரிக்கும் உரிமை நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு. அந்த உரிமையில் பாசமும் உண்டு. ஆனால் "இன்னும் இல்லை" என்று சொன்னதும் ஒரு சின்ன இடைவெளி விழும். பிறகு, "எங்க பேரன் எட்டாம் மாசமே புடிச்சிக்கிட்டு நின்னுட்டான்" என்பார் ஒருவர். அந்தத் தாய்க்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

என் மகள் பிறந்த வருஷம் இந்தக் கேள்விகளை நான் நிறையவே கேட்டேன். என்னைக் காப்பாற்றியது என் மாமியார்தான். அவரிடம் எந்த வயதில் எது நடக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கணக்குத்தான் இருந்தது. குப்புற விழுந்தால் கொழுக்கட்டை. உட்கார்ந்தால் உக்காரை. தவழ்ந்தால் தவலை அடை. குழந்தை முதல்முறை நிலைப்படியைத் தாண்டினால் படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு பாயசம். இவை எங்கள் வீட்டு வழக்கம். அடுத்த தெருவில் பலகாரம் மாறும். யாழ்ப்பாணத்தில் முதல் பல்லுக்குத்தான் பெரிய கொண்டாட்டம். தேங்காய்ச் சொட்டுகளைப் பல் வரிசைபோல ஓரத்தில் பதித்துக் கொழுக்கட்டை அவித்து, குழந்தையை உட்காரவைத்துத் தலையில் சொரிவார்கள். எதிரே ஒரு தட்டில் புத்தகம், பேனா, நகை என்று பரப்பிவைத்து, எதை எடுக்கிறது என்று சுற்றி நின்று பார்ப்பார்கள்.

மகள் குப்புற விழுந்தது ஒரு மத்தியான வேளை. கோரைப்பாயில் துணி விரித்துப் போட்டிருந்தேன். பக்கவாட்டில் திரும்பி, இடுப்பு வரைக்கும் போய், அடியில் மாட்டிக்கொண்ட கையை விடுவிக்கத் தெரியாமல் மறுபடி மல்லாந்துவிடுவாள். இதையே நாலைந்து நாளாகச் செய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தக் கை எப்படியோ வெளியே வந்துவிட்டது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, பெரிய திகைப்பு. அதுவரை விட்டத்தையும் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கு முதல்முறையாகத் தரையும் கதவும் மனிதர்களின் கால்களும் தெரிகின்றன. அத்தை பச்சரிசியை ஊறப்போட எழுந்து போனார். சாயங்காலம் சாமிக்கு வைத்துவிட்டு, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு கொழுக்கட்டை கொடுத்தார். எத்தனையாவது மாதத்தில் விழுந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கொழுக்கட்டை கையில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு இடமில்லை.

இந்த வழக்கத்தின் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தேதி குறித்துவிட்டுக் காத்திருக்கும் கொண்டாட்டம் இல்லை இது. குழந்தை செய்து காட்டிய பிறகு, அது செய்த அன்றே, வீட்டில் இருக்கும் மாவை வைத்துச் செய்வது.

அதற்காக நம் முன்னோர்கள் மாதக் கணக்கே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடியதில் தொடங்கிய வழி அது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் முழு நூலாகவே பாடினார். பத்துப் பருவங்கள்; ஒவ்வொன்றுக்கும் இன்ன மாதம் என்று பாட்டியல் நூல்கள் வகுத்துவைத்திருக்கின்றன. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி என்று ஒற்றைப்படையாக ஏறி, இருபத்தொன்றாம் மாதத்தில் சிறுதேரில் முடியும் கணக்கு ஒன்று உண்டு. கல்லூரியில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் குழந்தை வந்த பிறகு படித்தால் வியப்பாக இருக்கிறது. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. தவழ்வதற்கு முன்னால், போகவும் தெரியாமல் படுக்கவும் மனமில்லாமல் குழந்தை அதே இடத்தில் ஆடிக்கொண்டிருக்குமே, அந்த நிலை. தரையில் குழந்தைக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் அதற்குத் தனியாக ஒரு பருவம் ஒதுக்கியிருக்க முடியும்.

அம்புலிப் பருவம் இன்னும் ஆழமானது. நிலாவைக் காட்டிக் குழந்தையோடு விளையாட வரச்சொல்லும் பருவம் அது. மேற்சொன்ன கணக்கில் பதினைந்தாம் மாதம். இன்று ஒன்றரை வயதுக் குழந்தையைச் சோதிக்கும் மருத்துவர் தாயிடம் கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று, "நீங்கள் தூரத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டினால் குழந்தை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறதா?" என்பது. இன்னொன்று, தனக்குப் பிடித்ததை உங்களுக்குக் காட்டுவதற்காகக் குழந்தை விரல் நீட்டுகிறதா என்பது. வேண்டியதைக் கேட்க விரல் நீட்டுவது வேறு. "பார், நீயும் பார்" என்று காட்ட விரல் நீட்டுவது வேறு. தான் பார்ப்பதை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் பேச்சும் உறவும் கிளைக்கின்றன. ஆட்டிசம் இருக்கக்கூடுமோ என்று முதற்கட்டமாகப் பார்க்கும் கேள்வித்தாள்களில் இது கட்டாயம் இருக்கும். மொட்டைமாடியில் சோற்றுக் கிண்ணத்தோடு நின்று நிலாவைக் காட்டிய தாய்மார்கள், பெயர் தெரியாமலே அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். குழந்தை நிலாவைப் பார்க்காமல் தாயின் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருக்கும் சில வாரங்கள் உண்டு. பிறகு ஒருநாள் விரலை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும். ஊரே கூடிக் கொண்டாடத் தகுந்த நாள் அது. எங்கள் வீட்டில்கூட அதற்கு ஒரு பலகாரம் இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

மகள் தவலை அடைக்கு வழியே வைக்கவில்லை. கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தரையில் தட்டித் தட்டி, பிட்டத்தால் நகர்ந்து வீடு முழுக்கப் போனாள். "தவழாத பிள்ளைக்கு இடுப்பு உறுதியா இருக்காது" என்று எச்சரித்தவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அப்போது எனக்குத் துணையாக இருந்தது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதியது; இந்தியக் குழந்தைகள் டெல்லிப் பக்கம். அவர்கள் கண்டது இது: பிடிமானம் இல்லாமல் உட்காரும் வயது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை விரிகிறது. தானாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. எட்டாம் மாதம் நடந்த குழந்தைக்கும் பதினேழாம் மாதம் நடந்த குழந்தைக்கும் இடையே ஒன்பது மாதம் இருக்கிறது. இரண்டுமே ஆரோக்கியமான குழந்தைகள். நூற்றில் நான்கு குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலே நடையைப் பிடித்துவிடுகின்றன. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதையே அதிலிருந்து எடுத்துவிட்டது.

அத்தைக்கு நான் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "அதான் நகர்றாளே, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே அடைக்கு ஊறப்போட்டார்.

நடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குழந்தை சீக்கிரம் நடக்கட்டும் என்று, உள்ளே உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் வாக்கர் வாங்கித் தராத உறவுக்காரர் இல்லை. தயவுசெய்து வாங்காதீர்கள். அது நடையைச் சீக்கிரப்படுத்துவது இல்லை. படியிலிருந்து உருள்வதும், எட்டாத உயரத்தில் இருந்த சூடான பாத்திரம் எட்டிவிடுவதும் அதனால்தான். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு ரகம். குழந்தை தன் காலில் தானே நின்று, பிடித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தச்சரிடம் சொல்லிச் செய்த நடைவண்டி ஒன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் இருக்கிறது. என் கணவரும் அதில்தான் நடை பழகினார்.

இவ்வளவும் சொன்னதால், "எல்லாம் அதது நடக்கும்போது நடக்கும்" என்று சும்மா இருந்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மகளிடம் நான் படித்ததற்கு நேர்மாறான பாடத்தை மகன் கொண்டுவந்தான்.

அவன் சீக்கிரம் நடந்தான். ஓடினான், ஜன்னல் கம்பியில் ஏறினான். எல்லாருக்கும் திருப்தி. பேச்சு மட்டும் வரவில்லை. இரண்டு வயதை நெருங்கும்போது அம்மா, தா, போ போல விரல்விட்டு எண்ணும்படி சில சொற்கள்தான். "ஆம்பளப் பிள்ளை கொஞ்சம் லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று ஆறுதல்கள் வந்தன. எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. முகம் பார்த்துப் பேசினால் சிரிப்பான், சொன்னதைச் செய்வான். சமையலறையில் அவனுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கூடத்தில் தம்ளர் விழுந்தால் மட்டும் திடுக்கிட்டுத் திரும்புவான். பெரியவள் அவனைக் கூப்பிடும்போது தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேசுகிறாள் என்பதையும் கவனித்தேன். யாரும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்த வழி அது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். காதில் ஒரு சின்ன அடைப்பானை வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு கோடு எடுத்தார்கள். செவிப்பறை நன்றாக அசைந்தால் கோடு நடுவில் குன்றுபோல எழும்பும். அவனுக்கு இரண்டு காதிலும் தட்டையாகக் கிடந்தது. சளி பிடித்துப் பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டிருந்தது. செவிடு இல்லை, ஆனால் மெல்லிய ஒலிகள் அவனைச் சென்று சேரவில்லை. பேச்சில் பாதி மெல்லிய ஒலிகள்தானே? பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும், பார்ப்போம், வடியாவிட்டால் சின்ன அறுவை சிகிச்சை என்றார் மருத்துவர். அதுவரை முகத்துக்கு நேரே, அருகில் உட்கார்ந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசச் சொன்னார். வடிந்துவிட்டது. அதன் பிறகு அவன் பேச்சை யாரும் நிறுத்த முடியவில்லை. இரண்டு சொல் சேர்த்து அவன் முதலில் சொன்னது "அக்கா, இந்தா". கையிலிருந்த முறுக்கில் பாதியை உடைத்து நீட்டிக்கொண்டு சொன்னான். அத்தை அன்றைக்குச் செய்த பலகாரம் அவர் தாமே கண்டுபிடித்தது: பேச்சுக்குப் பொரிவிளங்காய்.

தடுப்பூசி அட்டையில் எடைக்கும் ஊசிக்கும் இடம் இருக்கிறது. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று கட்டங்கள். அவற்றைத் தவறவிடக் கூடாது. அங்கே தேதிக்கு மதிப்பு உண்டு. ஆனால் குழந்தை வளர்ந்ததைச் சொல்லும் பல நாட்களுக்கு எந்த அட்டையிலும் கட்டம் இல்லை. தன் முறுக்கை உடைத்து அக்காவுக்குக் கொடுத்த நாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டாலும் தானே போட்டுக்கொண்ட நாள். இருட்டில் எழுந்து அழாமல், அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கிய நாள். இவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயதோடு ஒப்பிட அந்த நோட்டில் வழியே இல்லை.

குழந்தை வளர்க்கும் வீடுகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். உங்கள் குழந்தையைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ஒன்பது மாதம் முடிந்தும் உட்காரவில்லை, பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லை, சுட்டிக்காட்டவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், அல்லது எந்த வயதானாலும் வந்த பேச்சோ செயலோ மறைந்துபோனால், மாமா சித்தப்பா கதைகளைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். உங்கள் ஊருக்கு எப்போது வருகிறார்கள் என்று அங்கன்வாடியிலேயே கேளுங்கள். அதற்கு மேல் பார்க்க வேண்டியிருந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே காது, கண், பேச்சு, நடை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது.