கோச்சை மாத்தினா போதுமா?

இலங்கை அணி தோற்ற அடுத்த நாள் காலையில் வத்தேகம டவுனுக்கு வந்து பாருங்கள். பஸ் ஸ்டாண்டில், சலூனில், தேத்தண்ணிக் கடையில் எல்லா இடத்திலும் ஆளுக்கொரு தெரிவுக்குழு உட்கார்ந்திருக்கும். "இவனை ஏன் எடுத்தாங்க? அவனை ஏன் விட்டாங்க? முதல்ல கோச்சை வீட்டுக்கு அனுப்பணும்!" சிங்களத்திலும் தமிழிலும் ஒரே ஏச்சுதான். இந்த நாட்டுச் சனம் எல்லாம் சண்டை பிடிக்காமல் ஒத்துப்போகிற ஒரே விசயம் கிரிக்கெட் சபையைத் திட்டுறதுதான் என்று எங்கள் செட்டுக்குள் ஒரு பகிடி இருக்கிறது.

திட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2023ஐ மறக்க முடியுமா? செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, அதுவும் கொழும்பில. மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார், நம்ம அணி 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சனம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் வந்து உட்கார்வதற்குள் மெட்ச் முடிந்துவிட்டது. ஆறு கிழமை கழித்து, நவம்பர் 2, மும்பையில் உலகக் கிண்ணம். மறுபடியும் இந்தியா, இந்த முறை 55. தோல்வி 302 ஓட்டங்களால். அந்த உலகக் கிண்ணத்தில் ஆடியது 9 மெட்ச், வென்றது 2. அதோட 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்தில் ஆடும் தகுதியும் போனது.

பிறகு நடந்தது இன்னும் கூத்து. நவம்பர் 6ஆம் திகதி விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். நவம்பர் 10ஆம் திகதி, அரசாங்கத் தலையீடு என்று சொல்லி ஐசிசி இலங்கையை இடைநிறுத்தியது. தடை 2024 ஜனவரியில்தான் நீங்கியது. அதுக்கிடையில, இங்கே நடக்க வேண்டிய 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. பெரியவர்கள் அடிச்சுக்கிட்டாங்க, பள்ளிக்கூடப் பொடியன்களுக்குச் சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்புப் போனது. எங்களுக்கு 55ஐ விட இதுதான் அதிகமா வலித்தது.

2011இல் லோர்ட்ஸில் செய்த உரையில் சங்கக்கார இதைத்தான் சுட்டிக்காட்டினார். 1996 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு சபைக்குள் பணமும் பதவி ஆசையும் வந்து விளையாட்டைக் கெடுத்ததைப் பற்றி, அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே வெளிப்படையாகப் பேசினார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அதோட சரி.

இனி கோச் கதைக்கு வருவோம். 2014 ஏப்ரலில் டாக்காவில் டி20 உலகக் கிண்ணத்தை வென்றோம் இல்லையா, அப்போது கோச் போல் ஃபார்பிரேஸ். வென்ற சூட்டோடு அவர் இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார். அதுக்குப் பிறகு மார்வன் அத்தப்பத்து, கிரஹம் ஃபோர்ட், நிக் போத்தாஸ், சந்திக ஹத்துருசிங்க, மிக்கி ஆதர், கிறிஸ் சில்வர்வுட், சனத் ஜயசூரிய. நிரந்தரம், இடைக்காலம் என்று பத்து வருசத்துக்குள் இத்தனை பேர். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணித டீச்சர் வந்து போன மாதிரித்தான். ஒருத்தர் சொல்லிக்கொடுத்தது மனசில் பதிவதற்குள் அடுத்தவர் வந்து முதல் பாடத்திலிருந்து தொடங்குவார்.

கோச் முக்கியமில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சனத் 2024 ஜூலையில் வந்தார். ஓகஸ்டில் இந்தியாவை ஒருநாள் தொடரில் 2-0 என்று வென்றோம், 27 வருசத்துக்குப் பிறகு. செப்டெம்பரில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை டெஸ்டில் வென்றோம். அதே பொடியன்கள்தான், ஆனால் தலை நிமிர்ந்து ஆடினார்கள். நல்ல கோச் வந்தால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்தோம்.

ஆனால் கோச் கையில் கிடைப்பது யாரோ வடிகட்டிக் கொடுத்த ஆட்கள். அந்த வடிகட்டல் எங்கே நடக்கிறது? இந்தக் கேள்வியைத் தேத்தண்ணிக் கடையில் யாரும் கேட்பதில்லை.

நம்ம நாட்டில் தேசிய அணிக்குப் போகிற பாதை பள்ளிக்கூடத்தில்தான் தொடங்குகிறது. 13 வயதுக்குட்பட்டோர், 15, 17, 19 என்று படிப்படியாக ஏற வேண்டும், எல்லாம் கடினப் பந்தில். பிறகு கழகம். பெரிய கழகங்களில் முக்கால்வாசி கொழும்பில். 1996 அணியை எடுத்துப் பாருங்கள்: அர்ஜுன ஆனந்தக் கல்லூரி, ரொஷான் மஹாநாம நாலந்தா, அரவிந்த டி.எஸ். சேனாநாயக்க. கண்டிப் பக்கம் வந்தால் சங்கக்கார ட்ரினிட்டி, முரளி புனித அந்தோனியார். இப்போதைய ஆள் மதீஷ பத்திரன முதலில் ரணபிம ரோயலில் படித்தவர், பிறகு ட்ரினிட்டிக்கு வந்தார். திறமை இருக்கிறவனைப் பெரிய பள்ளிக்கூடம் கூப்பிட்டு எடுப்பது கண்டியில் புதுசு இல்லை. ரக்பியில் இது இன்னும் அதிகம், அதைப் பற்றிப் பழைய மாணவர்கள் போடும் சண்டை பெரிய சண்டை.

"எங்கள் பொடியனைக் கொத்திக்கொண்டு போய்ட்டாங்க" என்று சின்னப் பள்ளிக்கூடங்கள் குறை சொல்லும். எங்கள் குறை வேற. எங்கள் பக்கம் கொத்திக்கொண்டு போகக்கூட யாரும் வருவதில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "ஏன், முரளி வரல்லையா? அவரும் மலையகத் தமிழர்தானே? திறமை இருந்தா யாராலயும் தடுக்க முடியாது."

முரளி எங்கள் ஆள்தான். அதில் எங்களுக்கு இருக்கிற பெருமையை எழுதி முடிக்க முடியாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு சனத்துக்குள் இருந்து வந்த ஒருத்தர் இந்த நாட்டுக்காக டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தார். உலகத்தில் வேறு யாரும் எடுக்கவில்லை. ஆனால் அவர் எப்படி வந்தார் என்று முழுசாகப் பார்க்க வேண்டும்.

அவருடைய தாத்தா 1920இல் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். அப்பா குண்டசாலைக்குப் பக்கத்தில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 வன்செயலில் அந்தக் குடும்பமும் அடி வாங்கியது, மறுபடி எழுந்தது. மகனைக் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற புனித அந்தோனியார் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. வத்தேகமவில் ரயில் ஏறிக் கண்டிக்குப் போனால் வழியில் வருகிற அதே கட்டுகஸ்தோட்டைதான். அங்கே அவர் முதலில் மிதவேகம்தான் போட்டார். 14 வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, "நீ ஓஃப் ஸ்பின் போட்டுப் பார்" என்று மாற்றினார். 1990/91 பருவத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து, ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் ஆனார். 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட்.

அந்த மணிக்கட்டு கடவுள் கொடுத்தது, சரி. ஆனால் பிள்ளையை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஒரு குடும்பத்துக்கு வசதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் கடினப் பந்து இருந்தது, பிட்ச் இருந்தது. 14 வயதுப் பொடியன் பந்து போடுவதை நின்று பார்த்து, "இது இல்ல, அது" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தால் அந்த மணிக்கட்டு பிஸ்கட் பெட்டி அடுக்கிக்கொண்டு இருந்திருக்கும்.

லசித் மாலிங்கவையும் இப்படித்தான் சொல்வார்கள். காலிப் பக்கத்து ரத்கமவில் மென்பந்து ஆடித் திரிந்தவர். அவரிடமும் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்கவின் கண் பட்டது, அவர்தான் பிடித்து மேலே கொண்டுவந்தார். கையை அப்படிச் சுற்றிப் போடுகிறவனைப் பார்த்துச் சிரிக்காமல், இதில் ஏதோ இருக்கு என்று நினைத்த ஒரு கோச்.

இப்போது எங்கள் பக்கம் வாங்க. வத்தேகமவில் இருந்து பன்வில, மடுல்கலை என்று மேலே ஏறினால் தோட்டம் தோட்டமாகக் கிரிக்கெட் இருக்கிறது. எல்லாம் மென்பந்து. கிரவுண்ட் என்று ஒன்று இருந்தால் ஒரு பக்கம் சரிவு, பந்து உருண்டால் தேயிலைக்குள். பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் டூர்னமென்ட், தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. சத்தம் எந்த பிக் மெட்சுக்கும் குறையாது. ஆனால் அங்கே ஒருத்தன் எத்தனை விக்கெட் எடுத்தாலும் அது எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

எங்கள் செட்டில் ஒருத்தன், பேரு வேணாம், இடது கைச் சுழல். டெனிஸ் பந்தையே ஒரு சாண் திருப்புவான். தரம் 10 படிக்கும்போது எங்கள் சேர் ஒருத்தர் தன் கைக்காசில் அவனை டவுன் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். அங்கே அவன் கையில் முதல்முதலாகக் கடினப் பந்து கிடைத்தது. ஆறு பந்து போட்டான். ரெண்டு தலைக்கு மேலே போனது, ஒன்று பிட்சிலேயே விழவில்லை. "கொஞ்சம் லேட் ஆகிட்டுது, சின்ன வயசிலயே கூட்டி வந்திருக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வந்தால் எங்களுக்குப் பந்து போடுவான், இன்னும் எங்களால் அடிக்க முடியாது. அவன் இன்னொரு முரளியாக வந்திருப்பான் என்று சொல்ல எங்களுக்குத் தெரியாது. சரியான வயசில் யாரும் அதைப் பார்க்கவே இல்லை, அதுதான் எங்கள் வயித்தெரிச்சல்.

செலவைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 25 நாள் பேர் விழுந்தால் 33,750. நல்ல இங்கிலிஷ் வில்லோ மட்டை ஒன்று வாங்க அது போதாது. பேட், கிளவ்ஸ், ஹெல்மட், சப்பாத்து, சனிக்கிழமை பஸ் காசு எல்லாம் அதுக்கு மேலே. எந்த அம்மாவிடம் போய் இதைக் கேட்பது? ஆம்பிளைப் பொடியன்களுக்கே இப்படி என்றால், 2024 ஜூலையில் சமரி அத்தப்பத்துவின் அணி தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியதைப் பார்த்துத் துள்ளின எங்கள் தங்கச்சிமார் எங்கே போய் ஆடுவார்கள்?

யாழ்ப்பாணத்தைப் பார்த்தால் ஒரு விசயம் விளங்கும். யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் நடக்கிற வடக்கின் பெரும் சமர் 1904இல் தொடங்கியது. யுத்தம் எல்லாவற்றையும் தின்ற பிறகும் அந்தப் பள்ளிக்கூடங்களில் கடினப் பந்து மிச்சம் இருந்தது. அதனால் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் எல்பிஎல்லில் யாழ்ப்பாண அணிக்கு ஆட முடிந்தது. 2023 ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைச் சட்டை, 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத். பள்ளிக்கூடம் என்ற ஏணி நின்றிருந்தது, அவர் ஏறினார். எங்களுக்கு அந்த ஏணியே இல்லை.

பல்லேகல மைதானம் எங்களுக்குப் பக்கத்தில்தான். 2009இல் திறந்தார்கள். 2010 ஜூலையில் மத்திய மாகாண சபை அதற்கு முத்தையா முரளிதரன் பேரை வைக்கத் தீர்மானித்தது. இன்றைக்கும் எல்லாரும் பல்லேகல என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் புல் மேட்டில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிற இடம். வேலிக்கு இந்தப் பக்கம் வர டிக்கெட் போதும். அந்தப் பக்கம் போக எங்களுக்கு வழி யாரும் காட்டவில்லை.

"அப்போ எதுக்கு இந்த டீமுக்குக் கத்துறீங்க?" என்று தமிழ்நாட்டு நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள், இங்கேயும் கேட்கிறார்கள். சனத் அடித்ததைப் பார்த்து, முரளி சிரித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் டீம் என்பதால்தான் கோபம் வருகிறது. வேறு டீம் என்றால் சனலை மாத்திவிட்டுப் படுத்திருப்போம்.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. வத்தேகம வலயத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் பகிர்ந்துகொள்ள ஒரே ஒரு மெட்டிங் பிட்ச். கிழமையில் ரெண்டு நாள் வந்து போகிற ஒரு கோச், தமிழ் பேசத் தெரிந்தால் நல்லம், தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண் இருந்தால் போதும். மாவட்டத் தெரிவுப் போட்டி எப்போது, எங்கே என்று தமிழில் ஒரு அறிவித்தல், அதுவும் பொடியன்களுக்குப் பன்னிரண்டு வயசாகும்போது. தேசிய அணிக்குக் கோச் தேடும் செலவில் ஒரு துண்டு இதுக்குப் போதும்.

அடுத்த முறை நம்ம அணி தோற்கும்போது, தேத்தண்ணிக் கடையில் நீங்களும் இருந்தால், கோச்சைத் திட்டுங்கள், நாங்களும் சேர்ந்து திட்டுகிறோம். திட்டி முடிந்ததும் இன்னொன்றையும் கேளுங்கள்: பன்வில பஸ் போகிற ரோட்டில் இருக்கிற பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகள் இதுவரை கடினப் பந்தைக் கையில் பிடித்திருக்கிறார்கள்?