கழுவெளியில் எண்ணுதல்

பள்ளிக்கரணைச் சதுப்பில் பறவைகளை எண்ணப் போகிறேன். கூட்டமென்றால் பத்தை எண்ணி, அது அடைக்கும் இடத்தைக் கண்ணால் மற்றவற்றின்மேல் பொருத்திப் பெருக்குவது முறை. நம் கவிதையில் வெள்ளையாய் நிற்பதெல்லாம் கொக்குதான். இங்கே அது செல்லுபடியாகாது.

நீளவால் இலைக்கோழியில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும். மிதக்கும் இலைகள்மேல் அடைகாப்பது ஆண். நீர் ஏறினால் முட்டைகளை நகர்த்தியும் பார்க்கும். என் நோட்டில் இவ்வளவும் 'ஒன்று'.

சர்க்கார் கணக்கு இதைவிட மோசம். ஜனங்கள் கழுவெளி என்ற நிலத்தை அது தரிசாகப் பார்த்தது. பெருங்குடிப் பக்கம் குப்பைமேடு எழுந்தது அப்படித்தான். ராம்சார் பட்டியலில் இந்தச் சதுப்பு சேர 2022 ஆயிற்று.

சம்புக்குள் நீலத் தாழைக்கோழி கத்துகிறது, ஆளைக் காணோம். படிவத்தில் 'கண்டது' என்று மட்டுமே பத்தி. கேட்டதை ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்.